நாய்க்கறியா, ஆட்டுக்கறியா? துரித உணவு இறைச்சி குறித்த வதந்திகளும் ஆய்வகங்கள் கண்ட உண்மையும்

பெங்களூரு: மாலை நேரத்தில் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பக்கத்து ஃப்ரேசர் டவுனின் மசூதிச் சாலை வரை நடந்து சென்றால், கபாப், ஷவர்மா, வறுத்த கோழி என இறைச்சி உணவுகளின் மணம் வழிநெடுகத் தொடரும். பழைய கன்டோன்மென்ட்டைச் சேர்ந்த இப்பகுதிகளில் தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. அந்த நான்கு மொழிகளிலும் கைப்பேசிகளில் சுற்றிவரும் கேள்வி ஒன்று உண்டு: "இது உண்மையில் என்ன கறி?"

கோழி என்ற பெயரில் வேறு ஏதோ ஒன்று தரப்படுகிறது, ஆட்டிறைச்சியில் நாயிறைச்சி கலக்கப்படுகிறது, கோழிகளுக்கு ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள், நகெட் என்பது எலும்பும் தோலும் அரைத்த கூழ்தான் என்பன போன்ற செய்திகள் ஆண்டுதோறும் புதுப்புது படங்களுடன் வலம் வருகின்றன. இவற்றுள் சில முற்றிலும் பொய். சில பாதி உண்மை. மிகச் சில முழு உண்மை. எது எந்த வகை என்பதை இதுவரை தீர்த்துவைத்தவை ஆய்வக அறிக்கைகளே.

ரயில் நிலையத்தில் தொடங்கிய சந்தேகம்

2024-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி, ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த இறைச்சிப் பொதிகள் பெங்களூரு கே.எஸ்.ஆர். ரயில் நிலையத்தில் இறக்கப்பட்டன. அவற்றில் இருப்பது நாயிறைச்சி என்றும், நகரின் உணவகங்களுக்கு அது விநியோகிக்கப்படுகிறது என்றும் கூறி ஓர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அங்கே கூடினர். வாக்குவாதம் முற்றியது, காவல்துறை தலையிட்டது. அன்றிரவே காணொளிகள் நகரம் முழுவதும் பரவின.

உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்கள் பொதிகளிலிருந்து மாதிரிகளை எடுத்து, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பினர். சில நாட்களில் முடிவு வந்தது: அது வெள்ளாட்டு இறைச்சி. இதனைக் கர்நாடக உள்துறை அமைச்சர் ஜி. பரமேஸ்வராவும் செய்தியாளர்களிடம் உறுதிப்படுத்தினார்.

சந்தேகத்துக்கு முக்கியக் காரணம், தோலுரிக்கப்பட்ட உடல்களில் காணப்பட்ட நீளமான வால். ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் வளர்க்கப்படும் சிரோஹி இன ஆடுகளின் வால் சற்று நீளமாக இருக்கும் என்றும், பெங்களூரில் ஆட்டிறைச்சிக்குப் பற்றாக்குறை இருப்பதால் வணிகர்கள் அங்கிருந்து தருவிக்கின்றனர் என்றும் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் விளக்கமளித்தார். தென்னிந்தியச் சந்தைகளில் வழக்கமாகக் காணும் ஆடுகளை மட்டுமே அறிந்த கண்களுக்கு, வடமேற்கின் ஆடு வேறொரு விலங்காகத் தோன்றியிருக்கிறது.

சென்னையில் முன்பே நடந்தது

இந்நிகழ்வுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2018 நவம்பர் மாதம், ஜோத்பூர் – மன்னார்குடி விரைவு ரயிலில் வந்த ஏறத்தாழ 2,000 கிலோ இறைச்சி சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் பறிமுதல் செய்யப்பட்டது. அங்கேயும் ராஜஸ்தான் சரக்கு, அங்கேயும் நீண்ட வால், அங்கேயும் நாயிறைச்சி என்ற பேச்சு. "சென்னைப் பிரியாணியில் நாய்க்கறி" என்ற கேலிப் படங்கள் சமூக வலைதளங்களில் குவிந்தன.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாதிரிகள் ஆய்வு செய்யப்பட்டன. சில நாட்களில் வெளிவந்த அறிக்கை, அது ஆட்டிறைச்சியே எனத் தெரிவித்தது. ஆனால் அதற்குள் அச்சரக்கு அழிக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட நாட்களில் அசைவ உணவகங்களின் வியாபாரம் அடிவாங்கியது. வதந்தி ஓர் இரவில் பரவியது. அறிக்கைக்குச் சில நாட்கள் பிடித்தன. அந்த இடைவெளிக்கான விலையைச் செலுத்தியவர்கள் வணிகர்களும் அவர்களிடம் வேலை செய்பவர்களுமே.

ஆய்வகம் எவ்வாறு கண்டறிகிறது?

தலையும் குளம்புகளும் நீக்கப்பட்டு, தோலுரிக்கப்பட்ட உடலைப் பார்த்து விலங்கைத் துல்லியமாகச் சொல்வது பழகிய கண்ணுக்கும் எளிதன்று. துண்டு போட்டு, மசாலா தடவி, சமைத்துவிட்டால் கண்ணும் நாவும் பயன்படா. எனவே ஆய்வகங்கள் மரபணுவை நாடுகின்றன.

உயிரணுவின் உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்கு அதற்கே உரிய மரபணு உண்டு. ஓர் உயிரணுவில் அதன் படிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், வேகவைத்த இறைச்சியிலும் அது முற்றாக அழிவதில்லை. அதன் ஒரு பகுதியை பி.சி.ஆர். முறையில் பலமடங்கு பெருக்கி, அதன் வரிசையை ஆடு, மாடு, நாய், கோழி ஆகியவற்றின் அறியப்பட்ட வரிசைகளுடன் ஒப்பிடுகின்றனர். கொரோனா காலத்தில் மூக்குச் சளியில் தீநுண்மியைத் தேடியதும் இதே அடிப்படையிலான முறையில்தான்.

எனினும் இச்சோதனை ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது: அது எந்த விலங்கு? இறைச்சி எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது, அதில் எத்தகைய நுண்ணுயிர்கள் பெருகியுள்ளன என்பவற்றை அது கூறாது. ஜெய்ப்பூரிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ இரண்டு நாள் ரயில் பயணம். அதில் வந்தது ஆட்டிறைச்சிதான் என்ற சான்று, அது கெடாமல் வந்தது என்பதற்கான சான்றாகாது. வதந்தியை மறுத்துவிட்டு இந்த இரண்டாவது கேள்வியை மறந்துவிடுவது ஆபத்தானது.

வதந்திக்கு முதல் கடை திறந்த நகரம்

பன்னாட்டுத் துரித உணவு நிறுவனங்கள் மீதான சந்தேகத்திலும் பெங்களூருக்கு நீண்ட வரலாறு உண்டு. கே.எஃப்.சி. நிறுவனம் இந்தியாவில் தனது முதல் கடையை 1995 ஜூன் மாதம் திறந்தது பெங்களூரு பிரிகேட் சாலையில்தான். பேராசிரியர் எம்.டி. நஞ்சுண்டசுவாமி தலைமையிலான கர்நாடக மாநில விவசாயிகள் சங்கம் அதனைக் கடுமையாக எதிர்த்தது.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம், அனுமதிக்கப்பட்ட ஒரு விழுக்காட்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மோனோசோடியம் குளூட்டமேட் என்னும் சுவையூட்டி இருப்பதாகக் கூறி, கடையை மூட மாநகராட்சி உத்தரவிட்டது. உயர் நீதிமன்றத் தடையாணை பெற்று கடை தொடர்ந்து இயங்கியது. 1996 ஜனவரி 30-ஆம் தேதி விவசாயிகள் சங்கத்தினர் அக்கடைக்குள் புகுந்து பொருட்களை அடித்து நொறுக்கினர்.

விவசாயம், பன்னாட்டு மூலதனம், உடல்நலம் என அன்றைய எதிர்ப்புக்கு வெளிப்படையான காரணங்கள் இருந்தன. பின்னர் மின்னஞ்சல் வழியாக வந்த கதைகளோ வேறு வகையானவை. அலகும் இறகும் இல்லாமல், குழாய்கள் மூலம் உணவூட்டி வளர்க்கப்படும் விலங்கையே அந்நிறுவனம் பயன்படுத்துகிறது; அது கோழி அல்ல என்பதால்தான் பெயரிலிருந்து 'சிக்கன்' என்ற சொல்லை நீக்கி மூன்றெழுத்தாகச் சுருக்கிக்கொண்டது என்பது அக்கதை. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

சீனாவில் இதே கதை ஆறு இறக்கைகளும் எட்டுக் கால்களும் கொண்ட கோழியாக உருமாறியது. அதனைப் பரப்பிய மூன்று நிறுவனங்கள் மீது 2015-இல் கே.எஃப்.சி. வழக்குத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு ஷாங்காய் நீதிமன்றம், அந்நிறுவனங்கள் மன்னிப்புக் கோரி இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

நகெட் எவ்வாறு தயாராகிறது?

வதந்திகளில் அதிகம் அடிபடும் உணவு நகெட். எலும்பு நீக்கிய கோழி இறைச்சியை அரைத்து வடிவமைத்துப் பொரிக்கும் முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் பேக்கர். அவர் தமது ஆய்வுகளுக்குக் காப்புரிமை கோராமல் எவரும் பயன்படுத்தும் வண்ணம் வெளியிட்டார். மெக்டொனால்ட்ஸ் 1980-களின் தொடக்கத்தில் நகெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பெரிய தொழிற்சாலைகளில் நடப்பது இதுதான். கோழியின் மார்பு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து எலும்பு நீக்கப்படுகிறது. இறைச்சி அரைக்கப்பட்டு, உப்பு, மசாலா, நீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்புகள் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. சில வகைகளில் கோழித்தோலும் சேர்க்கப்படும். அச்சில் வடிவமைத்து, மாவில் தோய்த்து, ரொட்டித்தூள் பூசி, அரைகுறையாகப் பொரித்து உறைய வைக்கின்றனர். உறைநிலையிலேயே, அதாவது மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில், அது கடைகளுக்குச் செல்கிறது. கடையில் நடப்பது கடைசிப் பொரிப்பு மட்டுமே.

அப்படியானால், பனிக்கூழைப் போலக் குழாயிலிருந்து வழியும் இளஞ்சிவப்புப் பசையின் படம் எங்கிருந்து வந்தது? எலும்பில் ஒட்டியிருக்கும் இறைச்சியை உயர் அழுத்தத்தில் சல்லடை வழியே பிழிந்தெடுக்கும் தொழில்நுட்பம் உண்மையில் உள்ளது. மலிவான சாசேஜ் போன்ற உணவுகளில் அது பயன்படுகிறது. பல நாடுகளில் அதனை உறையின் மீது தனியே குறிப்பிட வேண்டும் என்பது விதி. ஆனால் எல்லா நகெட்டும் அதனால் ஆனவை என்பது தவறு. இப்படத்தால் எழுந்த கேள்விகளுக்கு விடையாக 2014-இல் மெக்டொனால்ட்ஸின் கனடா பிரிவு தனது நகெட் தயாரிப்பைக் காணொளியாக வெளியிட்டது.

கோழிக்கு ஊசி போடுகிறார்களா?

"நாற்பது நாளில் இரண்டு கிலோ வளரும் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடாமல் எப்படி முடியும்?" என்பது வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி. கறிக்கோழி 35 முதல் 42 நாட்களில் ஏறத்தாழ இரண்டு கிலோ எடையை அடைவது உண்மையே. அதற்குக் காரணம் பல தலைமுறைகளாக நடந்துவரும் தேர்வு இனப்பெருக்கமும் தானியப் புரதத் தீவனமும்.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் குடலிலேயே செரித்துப்போகும். ஊசியாகவே செலுத்த வேண்டுமென்றால், பல்லாயிரம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மீண்டும் மீண்டும் குத்த வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் லாபத்தில் நடக்கும் பண்ணைத் தொழிலுக்கு அது கட்டுப்படியாகாது.

ஆனால் இந்தப் பொய்யின் நிழலில் ஓர் உண்மை மறைந்து நிற்கிறது. அது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் பயன்பாடு. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் தலைநகர்ப் பகுதியில் 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்தது. 40 விழுக்காடு மாதிரிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சம் காணப்பட்டது. மனிதர்களுக்குக் கடைசிக்கட்ட மருந்தாகப் பயன்படும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தருவதற்கு மத்திய அரசு 2019-இல் தடை விதித்தது. ஊசியைப் பற்றிப் பேசுவோர் கேட்க வேண்டிய கேள்வி இந்த மருந்துகளைப் பற்றியது.

வதந்தி உண்மையான தருணங்கள்

எல்லாச் சந்தேகங்களையும் வதந்தி என ஒதுக்கிவிட முடியாது. 2018 ஏப்ரலில் கொல்கத்தாவை அடுத்த பகுதிகளில், குப்பைக் கிடங்குகளில் வீசப்பட்ட விலங்குகளின் சடலங்களிலிருந்து இறைச்சியை வெட்டியெடுத்து, பதப்படுத்தி விற்ற கும்பல் பிடிபட்டது. குளிர்பதனக் கிடங்கில் பல டன் இறைச்சி சிக்கியது.

ஐரோப்பாவில் 2013 ஜனவரியில், அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய மரபணுச் சோதனையில் மாட்டிறைச்சி பர்கர்களில் குதிரை இறைச்சி கண்டறியப்பட்டது. ஒரு மாதிரியில் அதன் அளவு 29 விழுக்காடு. யாரும் புகார் அளிக்காமலேயே, வழக்கமான சோதனை ஒன்றில் வெளிப்பட்ட மோசடி அது.

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சியிலிருந்து பெற்ற சுவையூட்டி சேர்க்கப்பட்டது 2001-இல் வெளியானபோது, சைவ உணவினரும் இந்துக்களும் வழக்குத் தொடர்ந்தனர். 2002-இல் ஒரு கோடி டாலர் வழங்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் விற்கப்படும் வறுவலில் அச்சுவையூட்டி இல்லை என்று இந்தியப் பிரிவு விளக்கமளிக்க நேர்ந்தது.

இந்நிகழ்வுகளிலும் உண்மையை நிலைநாட்டியவை சோதனையும் ஆவணமும் விசாரணையும்தான். வதந்தியைப் பொய்யாக்கிய அதே வழிமுறையே மோசடியையும் வெளிக்கொணர்ந்தது.

அதே கோடையில் கிடைத்த வேறு முடிவுகள்

ரயில் நிலையச் சர்ச்சை எழுவதற்கு முந்தைய மாதத்தில், கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை வேறு சில சோதனை முடிவுகளை வெளியிட்டிருந்தது. மாநிலத்தில் எடுக்கப்பட்ட 39 கபாப் மாதிரிகளில் 8 பாதுகாப்பற்றவை எனத் தெரியவந்தது. அவற்றில் சன்செட் யெல்லோ, கார்மோசின் ஆகிய செயற்கை நிறமிகள் இருந்தன. இதையடுத்து கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதற்கு மாநில அரசு 2024 ஜூன் மாதம் தடை விதித்தது. மீறுவோருக்கு ஏழு ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனையும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம் என அறிவிக்கப்பட்டது.

ஷவர்மாவின் நிலை இன்னும் கவலைக்குரியது. பெங்களூரு உட்பட மாநிலத்தின் பல மாவட்டங்களில் எடுக்கப்பட்ட 17 மாதிரிகளில் 8 மட்டுமே தரமானவையாக இருந்தன. மற்றவற்றில் பாக்டீரியாவும் ஈஸ்டும் காணப்பட்டன.

இது வெறும் எண்ணிக்கை அன்று. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஷிகெல்லா பாக்டீரியா தொற்று உறுதி செய்யப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் உணவகம் ஒன்றில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார். இந்த இரு நிகழ்வுகளிலும் தட்டில் இருந்தது எந்த விலங்கு என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. அது கோழி இறைச்சிதான்.

உயிரைப் பறிப்பது எது?

சமைக்காத கோழி இறைச்சியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் இருப்பது அரிதன்று. இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் அவை அழிந்துவிடும். ஷவர்மா கம்பியில் அடுக்கிய இறைச்சி வெளிப்புறம் வெந்து, உட்புறம் வேகாமல் இருக்கலாம். கூட்டம் அதிகமாகும் வேளையில் வேகாத அடுக்கும் சீவப்படுகிறது. இரவில் அடுப்பை அணைத்து, மீந்ததை மறுநாள் மீண்டும் சூடாக்கினால் ஆபத்து பலமடங்காகிறது.

சமைத்த உணவு 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரிக்குக் கீழும் இருக்கும் நேரமே பாக்டீரியா பெருகும் நேரம். பச்சை முட்டையில் தயாரித்த மயோனைஸ் வெயிலில் வைக்கப்படுவதும், பச்சை இறைச்சியை வெட்டிய பலகையிலேயே வெங்காயமும் முட்டைக்கோஸும் நறுக்கப்படுவதும் இதே பட்டியலில் அடங்கும்.

இவற்றில் எதுவும் அதிர்ச்சியூட்டும் படமாகாது. குளிர்பெட்டி பழுதாகி நின்ற கடையின் படத்தை யாரும் பகிர்வதில்லை. அதனால்தான், நாயிறைச்சிச் செய்தி ஒரே இரவில் மாநிலத்தைச் சுற்றிவருகையில், வெப்பநிலை குறித்த எச்சரிக்கை அலுவலகக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது.

வதந்தியின் விலை

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோழி இறைச்சியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி கிளம்பியபோது, கறிக்கோழி விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே சரிந்தது. அச்சத்தைப் போக்க, அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் பொதுமேடையில் கோழி இறைச்சி உண்டனர். சிறு பண்ணையாளர்களுக்கு நேர்ந்த இழப்பு அதனால் ஈடாகவில்லை.

இறைச்சி வதந்திகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. அவை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சமூகத்தையோ, வெளிமாநிலத்தவரையோ, அடுத்த மொழியினரையோ நோக்கி விரல் நீட்டுகின்றன. பல மதத்தவர் ஒரே தெருவில் கடை வைத்தும், ஒரே கடையில் உண்டும் வாழும் ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதிகளில், உறுதிசெய்யப்படாத ஒரு காணொளி கெடுப்பது வியாபாரத்தை மட்டுமன்று. பொதுமக்களிடையே பீதியையோ பகைமையையோ உண்டாக்கும் பொய்த் தகவலைப் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆவது பிரிவின் கீழ் குற்றமாகும்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

* உணவகத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கலாம். ரசீதிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

* கோழி இறைச்சியின் உட்புறம் இளஞ்சிவப்பாகவோ, சாறு ரத்த நிறத்திலோ இருந்தால் உண்ணாமல் திருப்பித் தரலாம். ஆயினும் நிறம் ஓர் அறிகுறி மட்டுமே. சூடாகப் பரிமாறப்படுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

* கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறக் கபாபைத் தவிர்ப்பது நல்லது. மிளகாய்த்தூள் கைவிரலில் அவ்வளவு நேரம் சாயமாக ஒட்டாது.

* வாங்கிய ஷவர்மாவையும் மயோனைஸையும் உடனே உண்ண வேண்டும். மறுநாளைக்கு எடுத்துவைக்கக் கூடாது.

* உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவின்படி, வாங்கிய உணவை உரிய கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க நுகர்வோருக்கே உரிமை உண்டு.

* ஐயம் இருப்பின் தேசியக் கட்டணமில்லா எண் 1800 11 2100-இல் புகார் அளிக்கலாம். தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உள்ளது.

* இறைச்சி குறித்த காணொளி வந்தால், அது எந்த ஊரில், எந்த நாளில் எடுக்கப்பட்டது, ஆய்வக அறிக்கை உள்ளதா ஆகிய மூன்று விவரங்களும் தெரியும் வரை பகிராதிருப்பது நலம்.

பெங்களூரிலும் சென்னையிலும் ராஜஸ்தானிலிருந்து வந்தது ஆடு என்பதை ஆய்வகங்கள் தெளிவாக்கிவிட்டன. 17 ஷவர்மாக்களில் 9 ஏன் தேறவில்லை என்ற கேள்வியோ கடைகளின் குளிர்பெட்டிகளுக்கு முன்னால் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. இன்று மாலை மசூதிச் சாலைக் கடை முன் வரிசையில் நிற்கும் குழந்தையின் உடல்நலம், அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும்.